எட்டு மணிப் பச்சை

ஏப்ரல் 1, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டது. ஆறு கைச்செட்டுகள். ஒரு சுமாரான ஷூ விலையில் ஒரு வயர்லெஸ் செட் கிடைக்கிறது என்றால் அதற்கேற்றபடிதான் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, கூடவே வருகிற குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி எறிவது. அது ஆன்டெனா இல்லை, அலங்காரம். நீளமானது ஆறு தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு செட்டின் இடுப்புக் கிளிப் வரும்போதே உடைந்திருக்கிறது. ஒரு சார்ஜர் ஆடுகிறது. செட்டுக்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகினால்தான் சிவப்பு எரிகிறது. திருப்பி அனுப்ப நேரமில்லை.

பன்னிரண்டாம் தேதி செண்பகமலைத் திருவிழா. மலையில் செல்போன் எடுக்காது. ஏறுகிற கூட்டத்துக்கு வழிநெடுக எங்கள் அமெச்சூர் ரேடியோ கிளப் நிற்க வேண்டும். கிளப் என்றால் நானும், போன வருஷம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய நாலு பேரும். கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அதாவது, பக்தர்களை.

என் பழைய செட் அலமாரி மேல் அதனிடத்தில் இருக்கிறது. தினமும் ஏழரையிலிருந்து எட்டரை வரை 145.325 அலைவரிசையில் போட்டு வைக்கிறேன். பழைய பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க. வேறு காரணம் இல்லை.

இன்று 7.9 வோல்ட்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டேய், ஒம் பொட்டியில பச்ச எரியிதுடா. யாரோ கூப்புடுறாக போல."

"யாரும் கூப்பிடலம்மா. பக்கத்து வீட்டுல எட்டு மணிக்கு மோட்டார் போடுறாங்க. அந்த இரைச்சல்."

"மோட்டாரு எதுக்குடா ஒன்னயக் கூப்புடுது?"

அம்மாவுக்கு மின்காந்த இரைச்சலைப் பற்றி விளக்க எனக்குப் பொறுமை இல்லை. தெருவில் எல்இடி விளக்கு மாட்டியபோதே இந்த அலைவரிசை நாசமாகிவிட்டது. விட்டு விட்டு இரைச்சல். ஸ்பீக்கர் வாயைத் திறக்காதபடி அப்போதே வழி செய்துவிட்டேன். இரைச்சல் வந்தால் பச்சை எரியும், அணையும். எரிந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

காற்றாலையில் இன்று வேலை அதிகம். பதினேழாம் நம்பர் கோபுரத்தில் காற்றுமானி தப்பாகக் காட்டுகிறது. மேலே ஏறி இறங்கியதில் முழங்கால் கெஞ்சுகிறது.

வந்து புது செட்டுகளை ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்த்தேன். மூன்றாவது செட்டில், எதை அமுக்கினாலும் அறிவிப்புச் சொல்லும் அந்தச் சீனத்துப் பெண் குரல். மொழி மாற்றாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

கல்லூரி மூன்றாம் வருஷம் நானும் தெய்வேந்திரனும் ஆளுக்கொன்றாக வாங்கிய முதல் செட்டுகளிலும் இதே குரல்தான். மொழியை எங்கே மாற்றுவது என்று கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆனது. அதற்குள் தெய்வா அவளுக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்துவிட்டான். "பெரியம்மா திட்டுதுடா, சார்ஜு எறங்கிருச்சு." "பெரியம்மா ஒரே பேச்சாப் பேசுது, என்னமோ தப்பா அமுக்கிட்டேன்." ஆங்கிலத்துக்கு மாற்றிய அன்று அவன் முகத்தில் ஒரு சோகம். சொந்தக்காரர் யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி.

லீவில் அவன் சின்னமனூர் மொட்டை மாடியிலிருந்தும் நான் போடி மொட்டை மாடியிலிருந்தும் பேச முயன்றோம். காக்கா பறக்கிற தூரமே இருபது கிலோமீட்டர் இருக்கும். செட்டின் சக்திக்கு அது அதிகம். மூன்று நாள் வெறும் காற்று. நாலாம் நாள் அவன் அவங்கம்மா துணி காயப்போடுகிற கொடிக் கம்பியில் ஒரு முழம் வெட்டி, ஆன்டெனாவின் அடியில் சுற்றித் தொங்கவிட்டான். ஆன்டெனாவுக்கு மறுபாதி கிடைத்த மாதிரி. தியரி எனக்கும் தெரியும், ஆனால் நான் சரியான கம்பி ஆர்டர் செய்து காத்திருந்தேன். அவன் வெட்டிவிட்டான். கார்மேகம் என்ற என் பெயரைச் சுருக்கி அவன் பேசிய முதல் வார்த்தை என் காதில் அப்படியே இருக்கிறது: "மேகம், கேக்குதா? எங்கம்மா ஈரத்துண்ட எடுத்துட்டு வருது, சீக்கிரம் சொல்லு!"

கேட்டது. அடி விழுகிற சத்தமும் கேட்டது.

அந்த வாலுக்கு எலிவால் என்று பெயர் வைத்தோம். எட்டு மணி என்று நேரம் வைத்ததும் அவன்தான். அப்போதுதான் அவன் வீட்டில் எல்லோரும் சீரியல் பார்ப்பார்கள், மாடி காலியாக இருக்கும். 145.325 என்பது அவன் பாட்டுக்குத் திருகி நின்ற இடம். அதன்பின் மாற்றவில்லை.

சரி, போதும். மூன்றாவது செட்டை ஆங்கிலத்துக்கு மாற்றியாயிற்று.

7.9. பச்சை.

ஏப்ரல் 5, சனி

பள்ளிக்கூட வகுப்பறையில் பயிற்சி. ரோசலின் டீச்சர் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். நாலு பேரில் அவர் ஒருவருக்குத்தான் மண்டையில் ஏறுகிறது. கூரியர் வண்டி ஓட்டும் போத்திராஜுக்குப் பட்டனை அமுக்கிய அதே நொடியில் பேச்சும் வந்துவிடுகிறது. முதல் வார்த்தை வெட்டுப்படுகிறது.

"அமுக்கு, ஒரு மூச்சு விடு, அப்புறம் பேசு. எத்தனை தடவை சொல்றது? 'ஆள் விழுந்துட்டார்'னு நீ சொன்னா 'விழுந்துட்டார்'னுதான் கேக்கும். என்ன விழுந்துச்சு? தேங்காயா?"

"அண்ணே, நீங்க வையிற வேகத்துல எனக்கு மூச்சே வர மாட்டேங்குது."

ரோசலின் டீச்சர் சிரித்துவிட்டார். "சார், நீங்க எங்க ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தா பிள்ளைக டிசி வாங்கிருங்க."

டீ குடிக்கும்போது போத்திராஜ் சொன்னான்: "தெய்வா அண்ணே கெளம்புறாரு தெரியுமா? மஸ்கட்டு. சோலார் கம்பெனி. மூணு வருசக் காண்ட்ராக்ட்டு. பதினேழாந்தேதி வியாழக்கெழம. கொச்சியில பிளேனு."

"அப்படியா."

"ஒங்களுக்குச் சொல்லலயாண்ணே?"

"எனக்கு எதுக்குச் சொல்லணும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

இதை எழுதித் தொலைத்துவிடுகிறேன். நானும் அவனும் ஏலத்தோட்ட மலை ஒன்றில் கிளப்புக்காக ஒரு ரிப்பீட்டர் கட்டினோம். சின்ன செட்டுகளின் பேச்சை வாங்கி உரக்கத் திருப்பி அனுப்பும் பெட்டி. எட்டு மாத உழைப்பு. ஒரு இடியில் கருகிப் போனது. எர்த்திங் அவன் பொறுப்பு. அந்த ஞாயிறு, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பேசுகிற கூட்டத்தில், ரேடியோவிலேயே சொன்னேன்: "தெய்வேந்திரன் போட்ட எர்த்திங் லட்சணம் அப்படி." மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை கேட்டிருப்பார்கள். அவன் தன் காலிசைனை, லைசென்ஸில் இருக்கும் அடையாளப் பெயரை, மட்டும் சொன்னான். செவன் த்ரீ சொல்லவில்லை. செவன் த்ரீ என்றால் வாழ்த்துகளோடு விடைபெறுகிறேன் என்று அர்த்தம். எதிரியிடம் கூடச் சொல்லிவிட்டுத்தான் அணைப்போம்.

எர்த்திங் தப்புதான். உண்மையைச் சொன்னதற்கு ஒருவன் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தால் அது என் பிரச்சினை இல்லை. போன ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. மண்டபத்துக்கு சவுண்டு சர்வீஸ் போனவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் மஸ்கட் போனால் என்ன, மார்த்தாண்டம் போனால் என்ன.

7.8. பச்சை, கொஞ்சம் நீளமாக. தொட்டி பெரிது போல.

ஏப்ரல் 7, திங்கள்

துணைச் சாமான்கள் வந்தன. சட்டையில் குத்திக்கொள்ளும் ஸ்பீக்கர் மைக் மூன்று. அவற்றில் ஒன்றின் பட்டன் அமுக்கினால் அமுக்கியபடியே நிற்கிறது. பிரித்து ஸ்பிரிங்கை நிமிர்த்தினேன். மலையில் பனி இறங்கும், அதனால் ஆறு செட்டுக்கும் பிளாஸ்டிக் உறை. வெளியூர்க் கடைக்காரர்கள் விற்கும் தோல் உறை தண்டச் செலவு, சூடு வெளியே போகாது.

பிறகு கம்பி வாங்கி வந்து ஆறு செட்டுக்கும் எலிவால் செய்தேன். அளந்து, வெட்டி, முனையில் வளையம் சாலிடர் செய்து, நுனியில் யார் கண்ணையும் குத்தாதபடி டேப் சுற்றி. அரை மணி நேர வேலை, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. என் பழைய செட்டில் இன்னும் அந்தக் கொடிக் கம்பிதான். துரு ஏறிவிட்டது. மாற்றலாம். மாற்றவில்லை.

மாலை ஏழு மணிக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. அம்மா மெழுகுவர்த்தியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எட்டு மணி சுமாருக்கு அலமாரி மேல் பச்சை எரிந்தது. இருட்டில் சுவர் முழுக்கப் பச்சை.

தெருவிளக்கு இல்லை. மோட்டார் இல்லை.

எவனோ இன்வெர்ட்டர் ஓட்டுகிறான். மட்டமான இன்வெர்ட்டர்.

ஏப்ரல் 8, செவ்வாய்

7.8. பச்சை. மோட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆறு செட்டுக்கும் சேனல் ஏற்றினேன். கையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க நான் என்ன தவமா செய்கிறேன்? என் பழைய செட்டைக் கேபிளில் மாட்டி, அதன் அமைப்புகளை லேப்டாப்பில் இறக்கி, அலைவரிசையை மட்டும் மாற்றி, ஆறிலும் அப்படியே ஏற்றிவிட்டேன். கால் மணி நேரம். இதுதான் முறை.

அம்மா சாப்பாடு போடும்போது கேட்டாள்: "தெய்வா வெளிநாடு போறானாமே. மார்க்கெட்டுல அவுக அம்மாவப் பாத்தேன். நீ போயி ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்ல?"

"அவன் கல்யாணத்துக்கே என்னைக் கூப்பிடல."

"கூப்புடலன்னு அவுக சொல்லலயே. 'ஒம் மகன் ஏன் வரல'ன்னுல கேட்டாக."

"சும்மா கேட்டிருப்பாங்க. குழம்பு ஊத்து."

ஏப்ரல் 12, சனி

காலை ஐந்து மணிக்கு அடிவாரம். போத்திராஜ் ஸ்ட்ரெச்சரோடும் ஆம்புலன்ஸோடும் கீழே. ரோசலின் டீச்சர் பாதி வழியில் ஊற்றுக்குப் பக்கத்தில். மற்ற இருவர் வளைவுகளில். நான் மேலே, கோயிலில். செட்டுகள் அருமையாக வேலை செய்தன. ஆறாயிரம் பேர் ஏறுகிறார்கள், எலிவால் ஆட ஆட எங்கள் குரல் மேலும் கீழும் போய் வருகிறது. ஒன்பது மணிவரை எனக்கு என்மேலேயே மரியாதை.

அதன்பின் ஊற்றிலிருந்து பேச்சு வரவில்லை. டீச்சர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிலவரம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மறந்திருப்பார் என்று எரிச்சல்பட்டேன். மடியில் இருந்த செட்டில் பச்சை எரிந்தது. சத்தம் இல்லை. அணைந்தது. மறுபடி எரிந்தது.

'மோட்டார்' என்று மனசுக்குள் சொன்னேன். பழக்கம்.

பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுற்றிலும் பாறை. மலைப்புல். வானம். இந்த மலையில் ஏது மோட்டார்?

செட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அமுக்கினால் எந்தத் தடையும் பார்க்காமல் ஸ்பீக்கர் திறந்துவிடும். அமுக்கினேன்.

"...ஊத்துக்கிட்ட ஒரு அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க சார், கால் வீங்குது, நிக்க முடியல, ஸ்ட்ரெச்சர் அனுப்புங்க சார், எத்தன தடவ சார் கூப்புடுறது! யாருக்குமே கேக்கலயா?"

கேட்டது என்றேன். போத்திராஜை அனுப்பினேன். அவன் மூச்சு விட்டு, பிறகு பேசி, ஒழுங்காக ஸ்ட்ரெச்சரோடு ஏறினான். அந்த அம்மாவுக்கு எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். இறங்கும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பஜ்ஜி கேட்டாராம்.

மதியம் டீச்சர் மேலே வந்தார். வேர்த்து விறுவிறுத்து, கையில் கிளப் செட் அல்ல, சொந்தமாக வாங்கி வைத்திருந்த இன்னொரு செட். "நீங்க குடுத்தது ஒன்பது மணிக்கே படுத்துருச்சு சார். சார்ஜே ஏறல போல." ஆடுகிற சார்ஜர். காகிதம் செருக மறந்திருக்கிறேன். "என்னோடதுல அலைவரிசையத் தட்டி, இதுல கூப்பிட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல. ஒங்க செட்டுல லைட்டு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

 செட்டின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். டோன். பேச்சோடு சேர்ந்து, காதில் விழாத ஒரு மெல்லிய ஒலியை அனுப்பும் வசதி. வாங்கும் பக்கமும் அதைப் போட்டு வைத்தால், அந்த ஒலியோடு வருகிற குரலுக்கு மட்டும் ஸ்பீக்கர் திறக்கும். மற்றதற்கெல்லாம் விளக்கு எரியும், வாய் திறக்காது. இரைச்சலை அடக்க நல்ல வழி. ஆறு செட்டிலும் அது ஏறியிருந்தது. அதனால் ஒன்றையொன்று கேட்டன. டீச்சரின் சொந்த செட்டில் டோன் இல்லை. இருக்க நியாயமும் இல்லை, நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கே நினைவில்லை. என் பழைய செட்டிலிருந்து அப்படியே இறங்கி வந்திருக்கிறது.

"ஸாரி டீச்சர்," என்றேன்.

"பரவால்ல சார். ஒங்க வாயில அந்த வார்த்தையும் வருதுன்னு தெரிஞ்சுதே."

மலையிறங்கும்போது இன்னொன்று உறைத்தது: வீட்டில் எரியும் எட்டு மணிப் பச்சை. பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன். போத்திராஜ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வெயில் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது எட்டரை தாண்டிவிட்டது. "ஏழரைக்கு நானே ஒம் பொட்டியப் போட்டு வச்சேன். இன்னிக்கும் எரிஞ்சுச்சுடா," என்றாள் அம்மா.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஏழு மணிக்கே டோனை எடுத்துவிட்டேன். எடுத்ததும் தெருவிளக்கின் இரைச்சல் வீட்டுக்குள் வந்து விழுந்தது. விட்டு விட்டு, தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

எட்டு மணி. இரைச்சல் சட்டென்று அடங்கியது. இன்னொரு செட்டின் அலை வந்து உட்கார்ந்தால் அப்படித்தான் அடங்கும். பச்சை எரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு:

"மேகம், தெய்வா பேசுறேன். சின்னமனூர் மொட்ட மாடி. இன்னிக்கு சரியான புழுக்கம்டா, காத்தே இல்ல. ஒங் காத்தாடி எல்லாம் சும்மா நின்னுருக்கும், சம்பளம் மட்டும் கரெக்டா வாங்கிருவ. பொட்டி கட்டியாச்சு. ஊறுகா வைக்கணும்ங்கிறா, கொட்டிரும்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறா. வியாழக்கெழம சாயங்காலம் கெளம்புறேன். அம்புட்டுதான், வேற ஒண்ணுமில்ல. ஸ்டாண்டிங் பை."

ஸ்டாண்டிங் பை என்றால் பேசி முடித்துவிட்டேன், காதைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவன் குரலில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. கடைசி வீட்டில் பேப்பர் போடுகிறவன் குரல்.

பட்டனை அமுக்கினேன். ஒரு மூச்சு போதவில்லை. கடைசியில் வந்தது இதுதான்:

"ரிசீவ்ல டோன் போட்டு வச்சிருந்தேன்டா."

 தெருவிளக்கு மட்டும் மணல் கொட்டியது.

"யாரு?"

"யாருன்னா? நான்தான்."

"கார்மேகமா?"

"ஆமா."

"டோனா?"

"ஆமா."

"எப்பருந்துடா?"

"தெருலைட்டு மாத்துனதுல இருந்து."

"அது ரிப்பீட்டர் எரியிறதுக்கும் முந்தியேடா."

"ஒரு மாசம் முந்தி. அப்ப நாம ரிப்பீட்டர்லதானடா பேசிக்கிட்டிருந்தோம்."

அவன் பக்கம் அலை வந்தது, பேச்சு வரவில்லை. சிரிக்கிறானா என்ன என்று புரிவதற்குள் பட்டனை விட்டுவிட்டான். மறுபடி அமுக்கினான்.

"அப்ப நீ ஒண்ணுமே கேக்கல."

"ஒண்ணுமே."

"நீ கேட்டுக்கிட்டுதான் இருக்கன்னு நெனச்சேன்டா. கேட்டுக்கிட்டே பதில் சொல்லாம வீம்பு பண்றன்னு. தெனம் எல்லாம் இல்ல, ஊர்ல இருந்தா மாடிக்கு வந்துருவேன். எங் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முழுக்க இதுலதான்டா ஒன்னையக் கூப்பிட்டேன். ஒரு வார்த்த பதில் வந்தா பத்திரிகையத் தூக்கிட்டு நேர்ல வந்துருப்பேன். தாலி கட்டுறப்பக் கூட வாசலப் பாத்தேன். எங்க மாமனாரு, மாப்ளைக்கு ஒண்ணுக்கு வருதான்னு கேட்டுட்டாரு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"போன்ல கூப்புட்டா நீ எடுக்கணும். எடுக்கலேன்னா எடுக்கலேன்னு எனக்குத் தெரிஞ்சுபோயிரும். ரேடியோவுல அப்பிடி இல்லல்ல. காத்துல பேசுறது. நீ கேட்டன்னே வச்சுக்கலாம்."

 பிறகு அவன் கேட்டான்: "சரி, கேக்கவே இல்லேன்னா, செட்ட எதுக்குடா எட்டு மணிக்குப் போட்டு வச்ச?"

"பேட்டரி டெஸ்ட்."

"ரெண்டு வருசமா?"

"நல்ல பேட்டரி."

இந்தத் தடவை அவன் பட்டனை விடவில்லை. சிரிப்பு முழுசாக வந்தது.

அம்மா கதவருகே நின்றிருந்தாள். "மோட்டாரு நல்லாத்தான்டா பேசுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பைக்கில் சின்னமனூர். வாசலிலேயே அவன் மனைவி செம்மலர் கேட்டாள்: "நீங்கதானா அந்தச் செவிடு? இவரு தெனம் மாடியில தனியாப் பேசுறதப் பாத்துட்டு எங்கம்மா பேயோட்டக் கோடாங்கிகிட்ட போகணும்னு சொல்லிட்டாக."

தெய்வாவுக்கு முடி கொட்டியிருக்கிறது. சொன்னேன். நீயும் ஒண்ணும் அழகு கூடலை என்றான்.

மாடிக்குப் போனோம். அவன் செட்டிலும் அந்தக் கொடிக் கம்பிதான், அதே துரு. பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ரெண்டும் ஒரே கம்பியின் துண்டுகள். என்னுடையது பிறகு அவனிடம் வாங்கி வந்தது.

"எர்த்திங் கிளாம்ப்ப நான்தான் முறுக்கி விடாம வந்துட்டேன்," என்றான், கம்பியைத் தடவிக்கொண்டே. "மழ வந்துச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு எறங்கிட்டேன்."

"தெரியும்."

"தெரியும். ஆனா அதப் போயி அத்தன பேரு கேக்கச் சொன்ன பாரு."

"ம்."

என்னால் அவ்வளவுதான் முடிந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டான். பாயசம் நன்றாக இருந்தது. ஊறுகாயை மூன்று பாலித்தீன் பை போட்டு நான்தான் கட்டிக் கொடுத்தேன், கொட்டாது.

ஏப்ரல் 16, புதன்

எட்டு மணி. ஒன்றரை மணி நேரம் பேசினோம். பெரியம்மாவைப் பற்றி, எரிந்த ரிப்பீட்டரைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றி. பேட்டரி தீர்ந்தேவிட்டது. மாற்றுப் பேட்டரி போட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மஸ்கட்டுக்கு செட்டைக் கொண்டுபோக முடியாது, அனுமதி வேண்டும். குமுளிவரை காரில் கையில் வைத்திருந்து, அணைத்து டிரைவரிடம் கொடுத்தனுப்பி விடுவதாக ஏற்பாடு. வழியனுப்ப விமான நிலையம் வரவா என்று கேட்டதற்கு, "வேணாம், அங்க எல்லாரும் அழுவாக, நீ டைம் பாத்துக்கிட்டு நிப்ப. நீ ஒசரத்துல நில்லு" என்றான்.

எனக்குத் தெரிந்த உயரம் ஒன்றுதான். பதினேழாம் நம்பர் கோபுரத்தில் காற்றுமானி வேலை பாக்கி இருந்தது. நாலு மணிக்கு மேலே போய்விட்டேன். வேலையை முடித்து, பாதுகாப்புக் கயிறை மாட்டிக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து இடுப்புவரை வெளியே நின்றேன். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுசும். தென்னை, திராட்சைப் பந்தல், நடுவில் ஒரு கோடாக ரோடு. செட்டின் வால் காற்றில் அடித்துக்கொண்டது.

"மேகம், தெய்வா. உத்தமபாளையம் தாண்டியாச்சு. கைய வெளிய நீட்டிப் புடிச்சிருக்கேன், டிரைவரு பயப்படுறாரு."

"நல்லா கேக்குது."

"கம்பம் வந்தாச்சு. நாம பரோட்டா தின்ன கட, நகைக்கடை ஆயிருச்சுடா."

"பரோட்டா நல்லாவே இருக்காது."

"இப்பச் சொல்லு. பன்னெண்டு தின்னவன்."

கூடலூரில் குரல் மெலிய ஆரம்பித்தது. லோயர் கேம்ப் என்றான். அதன்பின் மலைப்பாதை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மலை குறுக்கே வந்து அவனை மறைத்தது. வளைவு திரும்பியதும் விட்டுக் கொடுத்தது. பாதி வார்த்தை, இரைச்சல், பாதி வார்த்தை.

"...லர் அழுவுறா... நானு..."

"தெய்வா, திரும்பச் சொல்லு."

"...எட்டு மணிக்கு... நீ பாட்டுக்கு..."

"சொல்லு."

இரைச்சல். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அமுக்கினேன், மூச்சு விட்டேன், சொன்னேன்: "தெய்வா, அத நான் ரேடியோவுல சொல்லியிருக்கக் கூடாது. செவன் த்ரீ."

பட்டனை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மலை அவனை முழுசாக எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். பக்கத்துக் காற்றாலையின் இறக்கை ஒன்று மெல்லத் திரும்பிச் சூரியனை மறைத்துவிட்டுப் போனது.

அப்போது பச்சை எரிந்தது. சத்தம் இல்லை, குரலைத் தூக்கி வரும் அளவுக்கு அலையில் பலமில்லை. ஒருமுறை எரிந்து அணைந்தது. இன்னொருமுறை எரிந்து அணைந்தது.

எண்பது மீட்டர் உயரத்தில் யார் வீட்டு மோட்டாரும் எட்டாது.

ஏப்ரல் 18, வெள்ளி

டிரைவர் காலையில் அவன் செட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

எட்டு மணிக்குப் போட்டேன். டோன் இல்லை. தெருவிளக்கு மணலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

"அதான் அவன் போயிட்டான்ல. அந்த எரச்சல நிப்பாட்டேன்டா," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா."

வோல்ட் பார்க்கவில்லை.